கோட்டையும் குடியும்

செஞ்சி வட்டத்தைச் சேர்ந்த தொண்டூர் ஒரு சிற்றூர். அவ்வூர்க் குன்றிலே, சமண முனிவர்கள் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கிப் படுத்துறங்கும்பொருட்டுப் பாறையில் வெட்டிய கற்படுக்கைகள் இன்றும் இருக்கின்றன. பக்கத்தே பழந்தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு சாசனம் உளது. அயலூராகிய அகலூரின் பெயர் அதிற் காணப்படுகிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகட்கு முற்பட்டது அஃது என்று கல்வெட்டறிஞர் கூறுவர். வீட்டைத் துறந்து வந்தவர்களுக்கும் தலைசாய்க்க ஓர் இடம் வேண்டும் என்று கருதி முன்னோர் செய்த அறத்தின் அடையாளம் அது. இந்தச் சீமையில் எழுத்திலே பொறிக்கப்பட்ட மிகப் பழைய செய்திகளுள் ஒன்று, ஒருவருக்கு ஒருவர் உறைவிடம் அளித்த செய்தியே என்பதை நம் நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறோம்.

அக்குன்றினின்றும் இறங்கிச் செஞ்சிக்குச் சென்றோம். செஞ்சியின் பெருமையை நாம் விரித்துச் சொல்லவேண்டுவதில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் மதிலால் இணைத்து நிற்கும் அக்கோட்டையைச் சத்ரபதி சிவாஜி 1677-ஆம் ஆண்டிற் கைப்பற்றினார். அவர் குமாரர் ராஜாராம் உள்ளிருந்து போரை நடத்த, மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை அதனை முற்றுகையிட்டது. 1714-இல் ஆற்காட்டு நவாபின் பெருஞ்சேனையை எதிர்த்து வீர மரணம் எய்திய தேசிங்கு ராஜனின் கதையைக் கேளாத தமிழ்க் குழந்தை உண்டோ? 2025 ஜூலை மாதத்தில் பாரிஸ் நகரிற் கூடிய உலக மரபுக் குழுவினர், மராட்டியர் காலத்து ராணுவத் தலங்கள் என்ற பெயரால் 12 கோட்டைகளை உலகத்தின் பொதுச் செல்வமாக ஏற்றுக்கொண்டார்கள். அவற்றுள் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. அச்செய்தி வந்த நாளில் நாம் மகிழ்ந்தோம். இன்றும் அம்மகிழ்ச்சியில் குறைவில்லை. ஆயினும் மகிழ்ந்த அளவிலே நம் கடமை தீர்ந்துவிட்டதாக எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் தவறு என்பதை ஒரு கொத்தனார் நமக்கு உணர்த்தினார்.

கோட்டை ஊர் ஒன்றில் மதிலுக்கு மிக அருகே குடியிருப்பவர் அவர். பெயரை வெளியிட நாம் விரும்பவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் குடும்பம் வாழும் ஓட்டு வீட்டை நமக்குக் காட்டினார். ஒரே கூடம், பக்கத்தில் ஒரு சமையற் கட்டு. இரண்டு பிள்ளைகளுக்கு மணமாகியிருக்கிறது. மூத்த மகனும் மருமகளும் கூடத்தை மறைத்துக் கட்டிய சேலைக்குப் பின்னே படுக்கிறார்கள். இளையவன் திண்டிவனத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துக் கூலியிற் பாதியை அதற்கே கொடுக்கிறான். வீட்டின் பின்புறம் ஓர் அறையும் பெண்களுக்கென ஒரு கழிப்பறையும் எழுப்ப விரும்பி அவர் கொடுத்த மனு, தடை செய்யப்பட்ட பகுதி என்ற காரணத்தால் திரும்பி வந்துவிட்டது. அந்தக் காகிதத்தை நம்மிடம் நீட்டி அவர் கேட்டார்: "வக்கீல் ஐயா, இந்தக் கோட்டையைக் கட்டினவனும் ஒரு கொத்தன்தானே? அவன் பொண்டாட்டி பிள்ளையோட இருக்க ஒரு இடம் அப்போ இருந்திருக்குமில்லே?"

இருபது வருஷம் நியாயஸ்தலங்களிலே வாதாடிப் பழகிய நமக்கு அக்கேள்விக்கு உடனே விடை கூற நா எழவில்லை. இக்கட்டுரை அவருக்கு நாம் சொல்லத் தவறிய விடை.

சட்டம் சொல்வது என்ன?

முதலிற் சட்டத்தைப் பார்ப்போம். 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம் 2010-இல் திருத்தப்பெற்றது. மத்திய சர்க்காரின் பாதுகாப்பிலுள்ள ஒவ்வொரு சின்னத்தின் எல்லையிலிருந்தும் 100 மீட்டர் தூரம் தடை செய்யப்பட்ட பகுதி. அங்கே புதுக் கட்டிடம் எழலாகாது. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே அனுமதி பெற்றே கட்டவேண்டும். 1992 ஜூன் 16-ஆம் தேதிக்கு முன்பே இருந்த வீடாயின் அதனைப் பழுதுபார்க்கலாம். அதற்கும் அனுமதி வேண்டும். மீறிக் கட்டியவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இதன் விரிவை நேயர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள மதிலுக்கு வெளியே 100 மீட்டர் அகலம் என்றால் 10 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 25 ஏக்கர். 300 மீட்டர் என்றால் ஏறக்குறைய 74 ஏக்கர். ஒரு தனிக் கோயிலுக்கோ ஒரு கல்வெட்டுப் பாறைக்கோ இவ்விதி பொருந்தலாம். மலைக்கு மலை தாவிச் செல்லும் கோட்டை மதிலுக்கு அதே அளவுகோலை வைத்தால், ஓர் ஊரின் எதிர்காலமே அந்த அளவுகோலுக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. தாஜ்மகாலுக்கும் 100 மீட்டர். சாலையோரத்து மொகலாயர் காலத்து மைல்தூணுக்கும் 100 மீட்டர். இப்படி எல்லாவற்றையும் ஒரே கோலால் அளப்பதை மாற்றவேண்டும் என்று 2023-இல் பாராளுமன்ற நிலைக்குழு ஒன்றே எடுத்துரைத்தது.

இதைவிட வியப்பான ஒன்றும் உண்டு. கட்டுமானம் என்ற சொல்லுக்கு அச்சட்டம் கூறும் பொருளைப் படித்தோம். உள்ள வீட்டோடு பக்கவாட்டிலோ மேலேயோ எதைச் சேர்த்தாலும் அது கட்டுமானம். ஆனால் வடிகால், பொதுமக்களுக்கான கழிப்பிடம், குடிநீர், மின்சாரம் ஆகியவற்றுக்கான வேலைகள் கட்டுமானம் ஆகா. எனவே கொத்தனார் வீட்டெதிரே தெருவில் ஒரு பொதுக் கழிப்பிடம் எழலாம். அவர் வீட்டுக் கொல்லையில் அவர் மருமகளுக்காக ஒன்று எழலாகாது! சட்டத்தை இயற்றியவர்கள் தீயவர்கள் என்று நாம் சொல்லவரவில்லை. அவர்கள் மதிலைப் பார்த்தார்கள். மதிலின் நிழலில் வாழும் மனிதரைப் பார்க்கவில்லை. சர்க்காருக்கே இடைஞ்சல் நேர்ந்தபோது மட்டும் பார்வை தெளிந்தது. தடை செய்யப்பட்ட பகுதியிலும் மத்திய சர்க்காரின் பொதுப்பணிகளுக்கு இடமளிக்கும் திருத்த மசோதாவை 2018 ஜனவரியில் லோக்சபை நிறைவேற்றியது. பின்னர் அது ராஜ்யசபையின் தேர்வுக் கமிட்டிக்குச் சென்றது. அம்மசோதாவில் பாலத்துக்கு வழி தேடப்பட்டது. பாயை விரித்துப் படுக்க வழி தேடப்படவில்லை.

மண்டலம் பிரித்த கதை

கோட்டையைச் சுற்றி வீடு கூடாது என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைப் பிடித்தனர். அவர்கள் காலத்தில் கோட்டை மதிலை ஒட்டியிருந்த கறுப்பர் பட்டணத்தின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. 1749-இல் திரும்பி வந்த ஆங்கிலேயர் பின்னர் எஞ்சியதையும் அப்புறப்படுத்தினர். பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாய வெளி வேண்டுமாம். 1773-இல் எல்லைக் கற்கள் நட்டு, அவற்றுக்கும் கோட்டைக்கும் நடுவே வீடு எழலாகாது என்று கட்டளையிட்டார்கள். அக்கற்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. வெள்ளையர் பட்டணம் உள்ளே, கறுப்பர் பட்டணம் வெளியே என்று தோலின் நிறத்தாலே மண்டலம் பிரித்த அந்த ஆட்சி 1947-இல் ஒழிந்தது. ஆனால் கோடு கிழித்து ஏழையை அப்பால் நிறுத்தும் வழக்கம் ஒழிந்ததா?

அன்னியரை மட்டும் குறை கூறி நாம் தப்பிக்கலாகாது. ஊர் என்றும் சேரி என்றும் பிரித்து, கிணற்றையும் வீதியையும் சுடுகாட்டையும் தனித்தனியே வைத்தது எந்தச் சர்க்காரின் சட்டம்? அது நாமே நம் சகோதரர்மீது விதித்த மண்டலச் சட்டம். இன்று எழுதப்படும் நகரமைப்பு விதிகளிலே ஜாதியின் பெயர் இல்லை. மனை இத்தனை அகலம் இருக்கவேண்டும், வீதி இத்தனை அடி இருக்கவேண்டும், சுற்றிலும் இத்தனை வெளியிடம் விடவேண்டும் என்ற அளவுகளே இருக்கின்றன. ஆயினும் அந்த அளவுகளைப் பணமாக மாற்றிப் பாருங்கள். யார் உள்ளே, யார் வெளியே என்பது தானே விளங்கும்.

அமெரிக்காவின் கதையும் இதுவே. லூயிவில் நகரம் நீக்ரோவருக்கு வேறு வீதி, வெள்ளையருக்கு வேறு வீதி என்று விதி செய்தது. 1917-இல் அந்நாட்டின் உச்ச நியாயஸ்தலம் அதைச் செல்லாதென்று தள்ளியது. ஒன்பது ஆண்டுகளுக்குப்பின், 1926-இல், யூக்ளிட் என்ற கிராமத்தின் மண்டல விதியை அதே நியாயஸ்தலம் ஏற்றுக்கொண்டது. தனி வீடுகள் உள்ள பகுதியில் பல குடும்பங்கள் வாழும் அடுக்கு வீடு ஒட்டுண்ணி போன்றது என்று அத்தீர்ப்பு வருணித்தது. வருணத்தாற் பிரிக்கலாகாது, வீட்டின் வகையாற் பிரிக்கலாம்! விளைவு பெரும்பாலும் ஒன்றாகவே முடிந்தது. சிறு வீட்டுக்கு இடமில்லாத வீதியில் சிறு வருமானக்காரருக்கும் இடமில்லாமற் போயிற்று. அந்நாட்டில் இப்போதுதான் அக்கட்டு தளர்கிறது. மினியாபொலிஸ் நகரசபை 2018-இல் தனி வீடு மட்டுமே என்ற விதியைக் கைவிடத் தீர்மானித்தது. நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016-இல் தன் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கிலே முன்னினும் மிகுதியான வீடுகள் கட்ட இடங்கொடுத்தது. பின்வந்த ஆண்டுகளில் அங்கே புது வீட்டு அனுமதிகள் பெருகின.

விதியும் விலையும்

விதிக்கும் வாடகைக்கும் என்ன சம்பந்தம் என்று சில அன்பர்கள் கேட்கிறார்கள். ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனையின் விலை 24 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மனையின் பரப்பைப்போல் ஒன்றரை மடங்கு தளம் கட்டலாம் என்பது விதியானால் 3,600 சதுர அடி கிடைக்கும். 600 சதுர அடி வீடுகள் ஆறு எழும். ஒவ்வொரு வீட்டின்மீதும் நிலத்தின் விலை நான்கு லட்சம் விழும். இரண்டு மடங்கு என்று விதியை மாற்றினால் எட்டு வீடுகள் எழும். நிலத்தின் விலை மூன்று லட்சமாகக் குறையும். ஒரு செங்கல்லின் விலையும் குறையவில்லை. ஒரு தொழிலாளியின் கூலியும் குறையவில்லை. காகிதத்தில் ஓர் எண் மாறிற்று. ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் மிச்சமாயிற்று. தமிழ்நாட்டில் 2019-இல் வந்த பொதுக் கட்டிட விதிகள் சாதாரணக் கட்டிடங்களுக்கு ஒன்றரை மடங்கை இரண்டு மடங்காக உயர்த்தியது சரியான திசையில் வைத்த அடி.

2024 ஜூலையில் மற்றோர் அடி வைக்கப்பட்டது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர், சுயசான்று கொடுத்து உடனே அனுமதி பெறலாம் என்று ஏற்பாடாயிற்று. எந்தக் கட்சியின் சர்க்கார் செய்திருந்தாலும் நல்லதை நல்லதென்போம். அலுவலக வாசலிலே ஏழை கழிக்கும் ஒவ்வொரு நாளும் அவன் இழக்கும் ஒரு நாட்கூலி என்பதை அறிந்தவர்க்கே இதன் அருமை தெரியும்.

ஆனால் விதியைத் திருத்தாமல் வீட்டை மட்டும் கட்டிக் கொடுத்தால் விளைவது என்ன என்பதைச் சென்னையிலே காணலாம். நகரத்தின் நடுவே கூவக்கரையிலும் கால்வாய்க்கரையிலும் வாழ்ந்த ஏழைகள் 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர்ச் செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டனர். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000-க்கு மேற்பட்ட குடியிருப்புகள். சுவர் உண்டு, கூரை உண்டு. ஆனால் வேலை நகரத்திலே, வீடு எல்லைக்கு வெளியே. விடியுமுன் எழுந்து பஸ்ஸைப் பிடிக்கும் வீட்டு வேலைக்காரப் பெண்களைக் கேளுங்கள். தாம் சமைத்துப் பெருக்கித் துடைக்கும் வீதியில் தாம் வாழ ஓர் அறைக்கும் இடமில்லாதபடி அந்த வீதி விதிக்கப்பட்டிருக்கிறது என்பதை அவர்கள் சட்டம் படிக்காமலே அறிவார்கள்.

நான்கு சுவர், கூரை இல்லை

2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலேயே தமிழ்நாட்டு ஜனங்களில் நூற்றுக்கு 48 பேருக்கு மேல் நகரவாசிகள். அவர்கள் எல்லோரும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இல்லை. செஞ்சியைப் போன்ற சிற்றூர்களே இரவோடிரவாக வளர்கின்றன. சென்னையின் தவறுகளைச் செய்யாமல் தடுத்துக்கொள்ளக் காலம் உள்ள இடங்கள் இவை. ஆகவேதான் செஞ்சியை முன்வைத்து எழுதுகிறோம்.

அந்தக் கொத்தனாரின் இளைய மகன் தன் ஊர்ப்பக்கம் வீடு கட்ட எண்ணினால் எங்கே கட்டுவான்? கோட்டைப் பக்கம் போனால் தொல்சின்னச் சட்டம் தடுக்கிறது. ஏரிப் புறம்போக்குக்குப் போனால் 2007-ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்புச் சட்டம் வெளியேற்றுகிறது, அது நியாயமே. சங்கராபரணிக் கரையில் குடிசை போட்டால் வெள்ளம் வெளியேற்றுகிறது. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின்போது மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும் இச்சீமை பட்ட பாட்டையும் நாம் மறக்கவில்லை. அங்கீகாரமற்ற மனைப்பிரிவிலே மலிவாக ஒரு மனை வாங்கினால், 2016 செப்டம்பரில் சென்னை ஹைகோர்ட் அத்தகைய மனைகளின் பதிவுக்கு இட்ட தடை குறுக்கே நிற்கிறது. 2017-இல் வந்த வரன்முறை விதிகள் 2016 அக்டோபர் 20-க்கு முந்திய மனைகளுக்கே வழி திறந்தன. அங்கீகாரம் பெற்ற மனையோ, பஸ் நிலையத்தருகே உள்ள இடமோ என்றால் விலையே தடுக்கிறது. நாற்புறமும் சட்டமும் விலையும் சுவர் எழுப்பியிருக்கின்றன. கூரை மட்டும் இல்லை.

இவற்றுள் ஒவ்வொரு தடையையும் தனித்தனியே எடுத்தால் அதற்கொரு நியாயம் உண்டு. கோட்டையைக் காப்பது நியாயம். ஏரியைக் காப்பது நியாயம். நஞ்சையைக் காப்பது நியாயம். வாங்குவோன் ஏமாறாமற் காப்பது நியாயம். ஆனால் எதைக் கட்டலாகாது என்று கூற நான்கு அதிகாரிகள் இருக்கும் ஊரில், எங்கே கட்டலாம் என்று கூற ஓர் அதிகாரியும் இல்லாமலிருப்பது எந்த நியாயம்? உறைவிடம் உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்பது நம் சொந்தக் கற்பனையன்று. பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் 1985-இல் சுப்ரீம் கோர்ட், பிழைப்பும் உயிர் வாழும் உரிமையும் பிரிக்கவொண்ணாதவை என்றது. 1995-இல் சமேலி சிங் வழக்கில், உறைவிடமும் அவ்வுரிமையில் அடங்கும் என்று அதே கோர்ட் கூறியது. உரிமையைத் தீர்ப்பிலே எழுதிவிட்டு, அதை நிறைவேற்றும் நிலத்தை வரைபடத்திலே பூட்டி வைப்பது கேலிக்கூத்து.

எதிர்வாதங்கள்

இனி நம்மை மறுப்போரின் வாதங்களைக் கவனிப்போம். பூட்டைத் தளர்த்தினால் கோட்டை அழியும் என்கிறார்கள் புராதன அன்பர்கள். அவர்களுடைய அச்சத்தை நாம் இகழவில்லை. மலையடிவாரத்திலே ஐந்து மாடி ஹோட்டல் எழுவதை அவர்களோடு சேர்ந்து நாமும் எதிர்ப்போம். ஆனால் கொத்தனாரின் பின்கட்டு அறையும் ஐந்து மாடி ஹோட்டலும் ஒன்றாகுமா? இரண்டையும் ஒரே வரியில் தடுக்கும் விதி, ஏழையைத்தான் உண்மையில் தடுக்கிறது. பணக்காரன் நூற்றோராவது மீட்டரில் நிலம் வாங்கிக்கொள்வான். 1914-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ், தஞ்சாவூர்க் கோட்டைக்குள் நெருக்கமான வீடுகளை இடித்து நேர்வீதி போடும் யோசனையை ஆராய்ந்து மறுத்தார். இடிபாடான சிலவற்றை மட்டும் நீக்கி, சந்துகளைச் சீர்ப்படுத்தி, காற்றுக்கும் மரத்துக்கும் சிறு வெளிகள் உண்டாக்கினால், குறைந்த செலவில் குடிகளைக் கலைக்காமலே ஊரைக் காக்கலாம் என்றார். உறுப்பை வெட்டாமல் உயிரைக் காக்கும் சிகிச்சை அது. குடி இல்லாத கோட்டை வெறும் கல். தன்னைக் காத்து நிற்கும் ஜனங்களுக்கு அதனால் துன்பமே மிஞ்சுமாயின், அவர்கள் நாளடைவில் அதன்மேல் கொண்ட அன்பை இழப்பார்கள். அன்பை இழந்த சின்னத்தை எந்தச் சட்டம் காக்கும்?

விதியைத் தளர்த்தினால் லாபம் நிலமுதலாளிக்கே போகும் என்பார் வேறு சிலர். இதில் உண்மை உண்டு. காகிதத்தில் மாறும் எண்ணால் நிலத்தின் மதிப்பு உயர்கிறதென்றால், அவ்வுயர்வை உண்டாக்கியது சமூகம். அதில் ஒரு பங்கு சமூகத்துக்கே திரும்பவேண்டும். கூடுதல் தளத்துக்குக் கட்டணம் வாங்கும் முறை நம் விதிகளிலேயே இருக்கிறது. அக்கட்டணம் பொதுக் கஜானாவிலே கரைந்துவிடாமல், அதே ஊரில் சிறு வீடுகள் கட்டச் செலவாகவேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், வீதி நீங்கிய பரப்பில் பத்திலொரு பங்கு எளியவர்க்கான மனைகளாக இருக்கவேண்டும் என்று விதி உண்டு. அம்மனைகள் எளியவர் கைக்கே போயினவா என்பதை யார் கணக்கெடுக்கிறார்கள்?

நகரம் பெருத்தால் வயல் அழியும் என்பது மூன்றாவது வாதம். உண்மை அதற்கு நேர்மாறானது. உள்ளே இடங்கொடாத ஊர்தான் வெளியே பரந்து நஞ்சையைத் தின்கிறது. ஒரு தெருவில் ஓட்டு வீடுகளின்மேல் ஒரு மாடி எழுமானால், அத்தனை குடும்பங்களுக்காக ஏரியின் கீழ் ஒரு ஏக்கர் பிழைக்கும்.

நான்காவது வாதம் ஒன்று உண்டு. அதை எவரும் மேடையிற் சொல்வதில்லை. எங்கள் தெருவில் சிறு வீடுகள் வந்தால் எங்கள் வீட்டின் மதிப்புக் குறையும் என்பதே அது. வக்கீல்களும் வர்த்தகர்களும் உத்தியோகஸ்தர்களும் தேசத் தொண்டர்களுமாகிய நம்மிலேயே இவ்வெண்ணம் உறைகிறது. நாமும் மச்சு வீட்டில் வசிப்பவரே. நம் தெருவிலும் இப்பேச்சைக் கேட்டிருக்கிறோம். மறுத்துப் பேசாமல் இருந்ததும் உண்டு. சமத்துவம் என்று தலையங்கம் எழுதிவிட்டு வாசற்கதவைத் தாழிடும் பழக்கத்தை முதலில் நாமே விடவேண்டும்.

நாம் கோருவது

நம் கோரிக்கைகள் ஐந்து. ஒன்று: ஒவ்வொரு சின்னத்துக்கும் அதனதன் தன்மைக்கேற்ற துணைவிதிகள் வகுக்கவேண்டும் என்று 2010-ஆம் ஆண்டுத் திருத்தமே கூறுகிறது. செஞ்சிக்கான துணைவிதிகள் ஊராரைக் கூட்டி, தமிழிலே படித்துக்காட்டி, அவர்கள் சம்மதத்தோடு வகுக்கப்படவேண்டும். 100 முதல் 300 மீட்டர் வரை ஓடு வேய்ந்த ஒரு மாடி வீடு எந்த உயரத்தில், எந்த நிறத்தில் எழலாம் என்பதை ஒரே படத்தில் வரைந்து கொடுத்துவிட்டால், அதன்படி கட்டுவோன் மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டியதில்லை.

இரண்டு: துணைவிதியால் மட்டும் 100 மீட்டர் தடை நீங்காது. அதற்குப் பாராளுமன்றமே சட்டத்தைத் திருத்தவேண்டும். பழைய நத்தத்தில் குடியிருக்கும் குடும்பம், மதிலின் தோற்றத்தை மறைக்காத வண்ணம், ஓர் அறையும் ஒரு கழிப்பறையும் சேர்த்துக்கொள்ள உரிமை வேண்டும். நம் பிரதிநிதிகள் இதனை டில்லியிலே எழுப்பட்டும்.

மூன்று: கோட்டைக்கு எதிர்த்திசையில், வெள்ளம் ஏறாத, நஞ்சையல்லாத நிலத்தை அளந்து, சிறு மனைகளுக்கான மண்டலமாக முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். வீதியும் வடிகாலும் முதலில்; விற்பனை பிறகு.

நான்கு: பஸ் நிலையத்தையும் கடைத்தெருவையும் சுற்றி, கீழே கடை, மேலே வீடு என்ற நம் பழைய வழக்கத்துக்கு இடங்கொடுத்து, சிறு வாடகை வீடுகளுக்கு வாகன நிறுத்தம் போன்ற பெருஞ்சுமைகளை விலக்கவேண்டும். சைக்கிளில் வரும் கூலிக்காரனிடம் கார் நிறுத்த இடம் எங்கே என்று கேட்பது என்ன விவேகம்?

ஐந்து: எளியவர்க்கென ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு மனையும் யாருக்கு, என்ன விலைக்கு விற்கப்பட்டது என்ற ஜாபிதா ஊர்ச் சாவடியிலே ஒட்டப்படவேண்டும்.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. வேண்டுவது மனம், அந்த மனத்தை உண்டாக்கும் கிளர்ச்சி. ராஜீயத் தொண்டர்கள் கோட்டை விழாவுக்குத் தோரணம் கட்டுவதோடு நில்லாமல், மதிலோரத்துத் தெருக்களில் வீடு வீடாகச் சென்று எத்தனை குடும்பங்கள் எத்தனை அறைகளில் வாழ்கின்றன என்று கணக்கெடுக்கட்டும். மனுக்களை எழுதிக் கொடுக்கட்டும். நிராகரித்த காகிதங்களை ஒன்று சேர்க்கட்டும். நூறு காகிதங்கள் ஒன்றாகச் சேர்ந்தால் அது ஒரு வாதம். ஆயிரம் சேர்ந்தால் அது ஒரு மசோதா. ஏடறிந்த வக்கீல்கள் கட்டணமின்றி இதற்கு உதவுவார்களென்று நம்புகிறோம். நம் பங்கை நாம் செய்யத் தயார்.

கொத்தனாருக்கு நம் விடை இது. ஆம், ஐயா, கோட்டையைக் கட்டியவனுக்கும் ஓர் இடம் இருந்திருக்கும். அவன் குடிசையை மன்னனும் பீரங்கியும் காலமும் அழித்தன. அவன் எழுப்பிய மதில் மட்டும் நிற்கிறது. அந்த மதிலை உலகமே வந்து வணங்கும் இந்நாளில், அவன் வழிவந்த உமக்கு ஓர் அறை மறுக்கப்படுமானால் அவ்வணக்கம் முழுமையாகாது. தொண்டூர்ப் பாறையில் துறவிக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த கைகள் நம் முன்னோருடையவை. இல்லறத்தானுக்கு ஓர் அறை கொடுக்கும் கைகள் நம்முடையவையாகட்டும்.